பாக்கெட் எந்தப் பக்கம் போகும்?

போன மாதம் ஐ.பி. முகவரி பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் ரவுட்டிங் பற்றிய கேள்விகளே அதிகம். நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டுதான் பாக்கெட், அதை ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் பெட்டி ரவுட்டர், எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வது ரவுட்டிங். மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இந்த முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக நெட்வொர்க் வேலையில்தான் இருக்கிறேன். இதில் எனக்கு இன்றைக்கும் அலுக்காத பகுதி ரவுட்டிங்.

கேள்வி: ரவுட்டிங் பாடத்தை நான்கு முறை படித்துவிட்டேன். படிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. புத்தகத்தை மூடினால் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே தொடங்குவது?
– பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவர், விருதுநகர்

தம்பி, புத்தகம் கொஞ்ச நாள் மூடியே இருக்கட்டும். உங்கள் கல்லூரி லேபில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்கள். விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டில் "ரூட் பிரிண்ட்", லினக்ஸ் என்றால் "ஐபி ரூட்" என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வருவதுதான் ரவுட்டிங் டேபிள். ரவுட்டரில் மட்டும்தான் அது இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது, கையிலிருக்கும் போனிலும் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரிதான் பேசும்: "இந்த முகவரிக் கூட்டத்துக்குப் போக வேண்டுமா? இந்தப் பக்கம் அனுப்பு."

என் அப்பா மதுரை ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதம் பிரிக்கும் சார்ட்டிங் அசிஸ்டென்ட்டாக இருந்தார். இரவு ஷிஃப்ட் நாட்களில் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன். அறை அறையாகத் தடுத்த ஒரு மர அலமாரி முன்னால் நின்றபடி கடிதங்களை வீசிக்கொண்டே இருப்பார். குவாஹாட்டிக்கு ஒரு கடிதம் வந்தால் கண் இமைக்காமல் சென்னை அறையில் விழும். "குவாஹாட்டி எங்கேப்பா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "அது எனக்கு எதுக்கும்மா? மெட்ராஸ்ல இருக்கிறவனுக்குத் தெரியும்" என்றார். நெட்வொர்க் வேலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பதிலின் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது.

பாக்கெட் போகும் வழி முழுவதும் எந்த ரவுட்டர் கையிலும் இருப்பதில்லை. அடுத்த கை யாருடையது என்பது மட்டும் ஒவ்வொரு ரவுட்டருக்கும் தெரியும். புத்தகத்தில் "நெக்ஸ்ட் ஹாப்" என்று போட்டிருப்பது இதைத்தான். பாக்கெட் புறப்படும்போதே அதன் பாதை தீர்மானமாகிவிட்டது என்ற எண்ணத்தோடு படித்தால் பிறகு வரும் எதுவும் ஒட்டாது. உங்களுக்கு நிற்காமல் போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்து, ஒரே முகவரிக்கு டேபிளில் பல வரிகள் பொருந்தும்போது எதை எடுப்பது என்ற கேள்வி. ஒரு ரவுட்டரில் மூன்று வரி இருக்கிறது என்று வையுங்கள். 0.0.0.0/0 என்றால் அ பக்கம். 10.20.0.0/16 என்றால் ஆ பக்கம். 10.20.5.0/24 என்றால் இ பக்கம். இப்போது 10.20.5.77-க்கு ஒரு பாக்கெட் வருகிறது. மூன்று வரியுமே அதற்குப் பொருந்தும். ஆனால் பாக்கெட் இ பக்கம்தான் போகும். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் முகவரியின் முதல் எத்தனை பிட் பொருந்த வேண்டும் என்று சொல்கிறது (புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு எண்ணும் 8 பிட், அதனால் /24 என்றால் முதல் மூன்று எண்கள்). அதிக பிட் பொருந்தும் வரிக்கே முதல் உரிமை.

இதுவும் அப்பாவின் அலமாரியில் இருந்தது. 1972-இல் வந்த பின்கோடில் முதல் எண் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் உள்ள தென்பகுதி. 627 என்றால் திருநெல்வேலி. மீதி மூன்று எண்கள் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். டில்லியில் இருப்பவருக்கு 627001-இல் முதல் எண்ணே போதும். மதுரையில் மூன்று எண் பார்த்தாக வேண்டும். நெல்லைக்கு வந்த பிறகு ஆறும் வேண்டும். கிட்டே வர வர அதிக எண்களைப் பார்க்கிறார்கள். தூரத்தில் இருப்பவர் சுருக்கமாக வைத்துக்கொள்வதால்தான் அவருடைய அலமாரி சுவரைத் தாண்டாமல் இருக்கிறது.

0.0.0.0/0 என்பது "வேறு எந்த அறையும் பொருந்தவில்லை என்றால் இங்கே போடு" என்ற அறை. டிஃபால்ட் ரூட் என்போம். உங்கள் வீட்டு ரவுட்டருக்கு உலகமே அந்த ஒரு வரிதான். அந்த வரியும் இல்லாத ரவுட்டர், பொருந்தாத பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும்.

ஒரு வாரம் தினமும் ஐந்து முகவரிகளைக் காகிதத்தில் எழுதி, எந்த வரியில் பொருந்தும் என்று கையாலேயே பாருங்கள். 10.20.5.0/25 என்று நான்காவது வரி சேர்த்தால் 10.20.5.77 எங்கே போகும், 10.20.5.200 எங்கே போகும் என்று யோசிக்காமல் சொல்ல வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

கேள்வி: பாக்கெட்டில் ஐ.பி. முகவரி இருக்கும்போது மேக் முகவரி எதற்கு? வழியில் எது மாறும், எது மாறாது?
– கல்லூரி மாணவி, தென்காசி

கடிதத்தின் மேல் எழுதிய முகவரி கடைசி வரை மாறாது. கடிதம் போகும் பையில் கட்டிய சீட்டு ஊருக்கு ஊர் மாறும். ஐ.பி. கடிதத்து முகவரி, மேக் (நெட்வொர்க் கார்டுக்கே உரிய முகவரி) பைச் சீட்டு. ஒவ்வொரு ரவுட்டரும் வந்த பையைப் பிரித்து, கடிதத்தைப் பார்த்து, வேறு பையில் போட்டு, புதுச் சீட்டு கட்டி அனுப்புகிறது. வெளி நெட்வொர்க்குக்குப் போகும் பாக்கெட்டில் உங்கள் கம்ப்யூட்டர் எழுதுவது கேட்வேயின், அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரின், மேக். போய்ச் சேரும் இடத்தின் மேக் அதற்குத் தெரியவே தெரியாது. தேர்வில் இந்த ஒரு வரியில்தான் மதிப்பெண் போகிறது. (வீட்டு ரவுட்டரில் நாட் என்ற வசதி ஐ.பி.யையும் மாற்றும். அது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.)

கேள்வி: எங்கள் கடைக்கும் குடோனுக்கும் இடையே தனி லைன் போட்டு இரண்டு பக்கமும் ரவுட்டர் வைத்திருக்கிறோம். கடை ரவுட்டருக்குள் போய் குடோன் கம்ப்யூட்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டால் பதில் வருகிறது. பக்கத்தில் உள்ள பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து போட்டால் வரவில்லை. லைன் போட்டவர்கள் லைன் சரி என்கிறார்கள். கம்ப்யூட்டர்காரர் கம்ப்யூட்டர் சரி என்கிறார். யார் சொல்வது உண்மை?
– ஜவுளிக் கடை உரிமையாளர், ஈரோடு

ஐயா, இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம் ஒரு நூற்பாலையில் கழித்த ராத்திரி நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதே நிலைதான். தலைமை அலுவலகத்தில் 192.168.1.0/24, ஆலையில் 192.168.2.0/24, இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் லைனுக்கு 10.0.0.1, 10.0.0.2. தலைமை அலுவலக ரவுட்டரில் "192.168.2.0/24-க்குப் போக 10.0.0.2 பக்கம் அனுப்பு" என்று எழுதினேன். ரவுட்டரிலிருந்து பிங் போட்டேன், பதில் வந்தது. வேலை முடிந்தது என்று நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு கம்ப்யூட்டருக்கும் ஆலை தெரியவில்லை. மோடத்தை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்து ஏற்றினேன். விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் எதிர்ப்பக்க ரவுட்டரின் டேபிளைத் திறந்து பார்த்தேன். 192.168.1.0/24-க்கு அதில் ஒரு வரியும் இல்லை.

பாக்கெட் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆலையில் இருந்த கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் பதிலும் எழுதியது. அந்தப் பதில் திரும்பி வர வழி எழுதப்படவில்லை. போகும் வழியும் வரும் வழியும் ரவுட்டிங்கில் வேறு வேறு. ஒன்றை எழுதினால் மற்றது தானாக வராது.

ரவுட்டரிலிருந்து போட்ட பிங் மட்டும் ஏன் வேலை செய்தது? ரவுட்டர் பிங் அனுப்பும்போது, பாக்கெட் வெளியேறும் பக்கத்து முகவரியை அனுப்புநர் முகவரியாகப் போடும். என் விஷயத்தில் அது 10.0.0.1. எதிர் ரவுட்டருக்கு அது நேரடியாக இணைந்த லைன், யாரும் சொல்லாமலே தெரியும். பில்லிங் கம்ப்யூட்டரின் முகவரி அப்படித் தெரியாது. அதனால் ரவுட்டரிலிருந்து பிங் வருகிறது என்பதை மட்டும் வைத்து வேலை முடிந்தது என்று ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு நான் போட்டதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: குடோன் ரவுட்டரில், கடையின் முகவரிக் கூட்டத்துக்கு லைன் வழியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். குடோனில் தனியாக இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் பதில்கள் எல்லாம் டிஃபால்ட் ரூட்டைப் பிடித்து அங்கே போய்த் தொலைந்துகொண்டிருக்கும். 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் உள்ளூர்ப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியவை. வெளியே யாரும் ஏற்கமாட்டார்கள். குடோன் கம்ப்யூட்டரின் கேட்வேயாக லைன் உள்ள ரவுட்டரின் முகவரிதான் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு எந்தப் பெட்டியையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் மூன்று நட்சத்திரம் வந்தது. ஆறாவது வரியிலிருந்து மறுபடி சரியாக வருகிறது. ஐந்தாவது ரவுட்டர் பழுதா?
– வாசகர், நாகர்கோவில்

பழுதில்லை. ஆறாவது வரி வந்திருக்கிறது என்றால் பாக்கெட் ஐந்தாவதைக் கடந்துதானே போயிருக்கிறது.

ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் டி.டி.எல். என்று ஓர் எண் உண்டு. அதிகபட்சம் 255. லினக்ஸ் பொதுவாக 64-இல் தொடங்கும், விண்டோஸ் 128-இல். கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு "உன் பாக்கெட் என்னிடம் வந்து முடிந்தது" என்று தகவல் சொல்லும். இரண்டு ரவுட்டர்கள் தவறாக ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தால் பாக்கெட் காலத்துக்கும் சுற்றக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் இதையே வைத்து வழியைக் கண்டுபிடிக்கும் கருவியாக டிரேஸ்ரூட்டை எழுதினார். முதலில் டி.டி.எல். 1 வைத்து அனுப்பு, முதல் ரவுட்டர் பேசும். 2 வைத்து அனுப்பு, இரண்டாவது பேசும். இருந்த ஒன்றை வைத்து இல்லாத ஒன்றைப் பார்த்த அந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பு.

உங்கள் ஐந்தாவது ரவுட்டர் அந்தத் தகவலை அனுப்ப வேண்டாம் என்று அமைக்கப்பட்டிருக்கலாம், அல்லது வேலை மிகுதியில் பதிலைத் தவிர்த்திருக்கலாம். கடைசி வரை நட்சத்திரமாகவே போனால்தான் யோசிக்க வேண்டும்.

நட்சத்திரத்தை விட மில்லிசெகண்ட் எண்களைப் பாருங்கள். 10, 11, 12 என்று போய்க்கொண்டிருப்பது திடீரென்று 45 ஆகி, அதன் பிறகு வரும் வரிகளிலும் அப்படியே நின்றால், அந்த இடத்தில் பாக்கெட் கடல் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போட்ட ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிசெகண்ட், வர 16. இந்த 32-ஐ எந்த ரவுட்டர் வாங்கினாலும் குறைக்க முடியாது.

கேள்வி: ரிப், ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? நேர்காணலில் கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை.
– வேலை தேடும் பட்டதாரி, சேலம்

டேபிளைக் கையால் எழுதினால் ஸ்டாட்டிக். ரவுட்டர்களே பேசி எழுதிக்கொண்டால் டைனமிக். எப்படிப் பேசுகின்றன என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

ரிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பும். 30 நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு ரவுட்டரும் தன் டேபிளை அப்படியே பக்கத்து ரவுட்டர்களிடம் சொல்லும். தூரம் என்றால் இடையில் எத்தனை ரவுட்டர் என்பது மட்டும். லைன் வேகம் கணக்கில் வராது. அதன் பெரிய பலவீனத்தைப் புரிந்துகொள்ளுங்கள். க என்ற ரவுட்டர் ச வழியாக ஒரு நெட்வொர்க்கை அடைகிறது. ச-வின் இணைப்பு அறுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து க, "எனக்கு அங்கே வழி தெரியும், தூரம் 2" என்கிறது. அந்த வழி தன் வழியாகவே போகிறது என்று ச-வுக்குத் தெரியாது. "அப்படியானால் எனக்கு 3" என்று எழுதிக்கொள்கிறது. க அதைக் கேட்டு 4 என்கிறது. இப்படியே ஏறும். அதனால்தான் 16 என்றால் "போக முடியாது" என்று எல்லை வைத்தார்கள். 15-க்கு மேல் ரவுட்டர் உள்ள நெட்வொர்க்குக்கு ரிப் ஆகாது. கேட்ட திசையிலேயே திருப்பிச் சொல்லக் கூடாது என்று ஒரு விதியும் பின்னால் சேர்த்தார்கள்.

ஓ.எஸ்.பி.எஃப். வதந்தியை நம்பாது. ஒவ்வொரு ரவுட்டரும் "என்னோடு இணைந்தவை இவை, விலை இவ்வளவு" என்று தன்னைப் பற்றி மட்டும் சொல்லும். அந்தச் செய்தி மாறாமல் அந்தப் பகுதியிலுள்ள எல்லா ரவுட்டருக்கும் போகும். எல்லோரிடமும் ஒரே வரைபடம் சேர்ந்துவிடும். பிறகு அவரவர் இடத்திலிருந்து குறைந்த விலை வழியை அவரவரே கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கு நெதர்லாந்துக்காரர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ராவுடையது. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபடி, காகிதமோ பென்சிலோ இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அச்சில் வந்தது 1959-இல்.

பி.ஜி.பி. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசுவது. அங்கே குறுகிய வழி எது என்பதைவிட யாரோடு என்ன ஒப்பந்தம் என்பது முக்கியம். 1989 ஜனவரியில் டெக்சாஸில் நடந்த ஒரு கூட்டத்தின்போது கிர்க் லாக்ஹீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் காகிதத்தில் வரைந்து தொடங்கியது. உலக இன்டர்நெட்டை இன்றும் அதன் வாரிசுதான் இணைத்து வைத்திருக்கிறது.

நேர்காணலில் இதை விளக்கிவிட்டால் அடுத்து ஒரு கேள்வி வரும், தயாராக இருங்கள். "10.20.5.0/24 ரிப் மூலம் தெரிந்தது. 10.20.0.0/16 ஓ.எஸ்.பி.எஃப். மூலம் தெரிந்தது. 10.20.5.77 எந்த வழி?" சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டர்களில் ஓ.எஸ்.பி.எஃப்.-க்கு நம்பகத்தன்மை எண் 110, ரிப்புக்கு 120, குறைந்த எண்ணுக்கே மதிப்பு என்று மனப்பாடம் செய்தவர்கள் ஓ.எஸ்.பி.எஃப். என்று சொல்லிவிடுவார்கள். தவறு. பாக்கெட் /24 வழியாகவே போகும். அந்த எண்கள் ஒரே முகவரிக் கூட்டத்துக்கு, அதே நீளத்தில், இரண்டு பேர் வழி சொன்னால் மட்டும் பார்ப்பதற்கு. வேறு வேறு நீளம் என்றால் இரண்டும் டேபிளில் உட்காரும். நீளமான பொருத்தம் வெல்லும்.

கேள்வி: ஒரு நாட்டில் செய்த ரவுட்டிங் தவறால் உலகம் முழுக்க ஒரு தளம் நின்றுபோனது என்று படித்தேன். அது எப்படி முடியும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, நீங்கள் படித்தது 2008 பிப்ரவரி 24-இல் யூடியூபுக்கு நடந்ததாக இருக்கும். பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடுக்கச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் 208.65.153.0/24-க்கு "வழி என்னிடம்" என்று பொய்யாக ஒரு வரி எழுதி, வந்த பாக்கெட்டுகளைக் கீழே போட்டது. அந்த வரி நாட்டுக்குள் நிற்காமல் ஹாங்காங்கில் இருந்த மேல்நிலை நிறுவனத்துக்குக் கசிந்தது. அவர்கள் சரிபார்க்காமல் உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று சொல்லியிருந்தது. முதல் பதிலில் விருதுநகர்த் தம்பிக்குச் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். 22 பிட் பொருத்தமும் 24 பிட் பொருத்தமும் போட்டியிட்டால் 24-தான் வெல்லும். பல நாடுகளின் ரவுட்டர்கள் விதிப்படியே நடந்து, யூடியூபுக்கான பாக்கெட்டுகளைப் பாகிஸ்தானுக்கு அனுப்பின. யூடியூப் தானும் அதே /24-ஐ அறிவித்தது. பிறகு அதையும் இரண்டாகப் பிரித்து /25 ஆக அறிவித்து வழியைப் பிடுங்கியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் தவறான வரி நிறுத்தப்பட்டது. இந்த முகவரிகளை அறிவிக்க இன்னாருக்கே உரிமை என்று மின்கையெழுத்திட்ட சான்றைப் பார்த்த பிறகே ஏற்கும் முறை இப்போது பரவி வருகிறது. எல்லா நிறுவனங்களும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் சரிபார்க்காமல் விட்டது எத்தனை பேரைத் தொட்டது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

கேள்வி: பழகிப் பார்க்க ரவுட்டர் வாங்க வசதியில்லை. என்ன செய்வது?
– மாணவி, பரமக்குடி

வாங்கவே வேண்டாம்மா. கம்ப்யூட்டர் திரையிலேயே ரவுட்டர்களை இணைத்துப் பழகும் மென்பொருளான சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் அதற்குள்ளேயே பல ரவுட்டர்களை உருவாக்கலாம், எஃப்.ஆர். ரவுட்டிங் என்ற இலவச மென்பொருள் ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. இரண்டையும் பேசும்.

மூன்று ரவுட்டர்களை முக்கோணமாக இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். முதலில் ஸ்டாட்டிக்காக மட்டும் செய்யுங்கள். ஒரு கட்டளை அடிப்பதற்கு முன்னால் மூன்று டேபிளும் எப்படி இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிவிடுங்கள், திரும்பி வரும் வழிகளையும் சேர்த்து. எல்லாம் வேலை செய்த பிறகு ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். எந்தெந்தப் பிங் நிற்கும் என்று பிடுங்குவதற்கு முன்பே நோட்டில் இருக்க வேண்டும். பிறகு எல்லா ஸ்டாட்டிக் வரிகளையும் அழித்துவிட்டு ஓ.எஸ்.பி.எஃப். போட்டு அதே கேபிளைப் பிடுங்குங்கள். பிங் சில நொடி நின்று தானாகத் திரும்பி வரும். திரும்பிய உடனே டேபிளைத் திறந்து, எந்த வரி மாறியது என்று பாருங்கள். நோட்டில் எழுதியதும் திரையில் வந்ததும் எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.